வெளியாள் நாக்கு

செலஸ்தீன் கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். முப்பத்தொரு வருடத்துச் சிவப்பு ஒயின். விளிம்பில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. நாவேட்டை நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு மிடறு எடுத்தான். அதே நொடியில் நான்கு லட்சம் பேர் அந்த மிடற்றை எடுத்தார்கள்.

வெங்காயச் சருகு போன்ற மெல்லிய படலம்தான் நாவேடு. உரிமம் பெற்ற சுவைஞனின் நாநரம்புத் துடிப்பைப் பிடித்து, சந்தாதாரர்கள் ஒட்டியிருக்கும் படலங்களுக்கு அனுப்பும். ஒரு புட்டி திறந்தால் ஊரே ருசிக்கலாம். பஸ்ஸில் பிரியாணி, அலுவலகக் கூட்டத்தில் அல்வா, படுக்கையில் மாம்பழம். எந்த நாக்குக்கும் ஓய்வில்லை.

"என்ன தம்பி, முழுங்கிட்டீங்க? ருசி பாக்கறவங்க துப்பத்தானே செய்வீங்க?" என்றாள் பிபியானா.

கம்பம் பள்ளத்தாக்கில் ஐந்து தலைமுறையாக இருக்கும் திராட்சைத் தோட்டம் அவளுடையது. இந்த ஒயின் பீப்பாயை மூடியது அவள் மாமனார். வெளியாள் ருசித்துச் சொல்லும்வரை வீட்டார் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது குடும்ப வழக்கம். சொந்த நாக்கு சொந்தத் தோட்டத்தைப் புகழத்தான் செய்யும்.

துப்ப மறந்திருந்தான் செலஸ்தீன். வாயில் ஈரம் மட்டுமே இருந்தது. மனைவி இறந்து எட்டு மாதம்; அன்றிலிருந்து எதுவும் ருசிக்கவில்லை. ருசி அனுப்புவதைத் தள்ளிப்போட்டே வந்தான். இனியும் தள்ளினால் உரிமம் போய்விடும். இவ்வளவு பழைய ஒயினாவது நாக்குக்கு எட்டும் என்று நம்பி வந்திருந்தான்.

சுவர்த்திரையில் சந்தாதாரர்களின் செய்திகள் விழத் தொடங்கின. பிபியானா படித்தாள்.

"'ஒண்ணுமே இல்ல'ங்கறான் ஒருத்தன். இன்னொருத்தி, 'அப்பாடா, இன்னிக்குத்தான் என் நாக்கு சும்மா இருந்துச்சு'ங்கறா. 'திரும்பப் போடுங்க'ன்னு கேக்கறாங்க."

நிறுவனத்திலிருந்து மதியரசு அழைத்தான். "சார், பின்னிட்டீங்க! நாளைக்கும் இதேதான். 'மௌனச் சிவப்பு'ன்னு பேரே வச்சாச்சு!"

பிபியானா ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"பேரு கெடக்கட்டும். ஒண்ணுமே இல்லைன்னா ஒயின் செத்துப்போச்சுன்னுதானே அர்த்தம்? செத்ததையா தம்பி முப்பத்தோரு வருஷமா காவல் காத்தேன்?"

ஆமென்று தலையசைத்தால் போதும். யாருக்கும் தெரியாது. உரிமமும் தங்கும்.

"ஒயின் சாகலைக்கா. என் நாக்குதான்." மீதியை மூன்று வாக்கியங்களில் சொன்னான்.

"எனக்காகச் சொல்றீங்க."

"நேத்து மத்தியானம் அயிரமீன் கொழம்பு ஊத்துனீங்களே, அதுலயும் ஒண்ணுமே இல்லக்கா."

அவள் நிமிர்ந்தாள். "என் கொழம்புலயா?"

"வெந்நி மாதிரி இருந்துச்சு."

"அப்ப அது நாக்கே இல்ல!" என்று எழுந்தவள், அவன் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஒயின் நல்லாருக்குன்னு வெளியாள் சொல்லியாச்சுல்ல?"

"சொல்லிட்டேன்."

ஊற்றினாள். குடித்தாள். கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். "இருக்கு தம்பி. கருப்பட்டி, ஈரமண்ணு, எல்லாம் இருக்கு." சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவனுக்கும் பாரம் இறங்கினாற்போல் இருந்தது. யாரிடமாவது சொல்ல முடிந்ததே.

மறுநாள் அதே நேரத்தில் நாவேட்டை ஒட்டிக்கொண்டான். அதே ஒயினில் ஒரு மிடறு. ஈறில் லேசாக ஏதோ பிடித்ததுபோல் இருந்தது. நம்பவில்லை. இந்த எட்டு மாதத்தில் இப்படிப் பலமுறை ஏமாந்திருக்கிறான். நினைவுதான் ருசிபோல நடித்திருக்கிறது.

இரண்டு நிமிடத்தில் மதியரசு அழைத்துக் கத்தினான். "சார், என்ன பண்ணிட்டீங்க? பதினோராயிரம் புகார்!"

"என்ன புகார்?"

"'துவர்க்குது'ங்கறாங்க. 'நேத்து நிம்மதியா இருந்துச்சு, இன்னிக்கு ருசிக்குது'ங்கறாங்க. நடுவுல ஏதோ பழம் வருதாம், அதை உடனே எடுக்கணுமாம்!"

செலஸ்தீன் கோப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"என்ன பழம்னு யாராவது எழுதியிருக்காங்களா?"

"சார், நான் சொல்றது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது மதியரசு. ஒண்ணுவிடாமப் படிங்க."