ஓடத்துறை மாளிகை, ஆறாம் பாகம்

1957 புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் புத்தூரில் நல்லதம்பி வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். நல்லதம்பி பகலில் ஓர் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. பத்திரிகையில் 'திகில் திலகம்'. பட்டத்தை ஊர் கொடுத்ததாகச் சொல்வார். ஊர் என்பது அவரும், அவருக்கு லெட்டர்பேடு அடித்துக் கொடுத்த அச்சகக்காரர் அப்துல் சலாமும்.

அவருடைய பேய்த்தொடர் 'ஓடத்துறை மாளிகை' வாராவாரம் ரேடியோ நாடகமாக வந்துகொண்டிருந்தது. அன்று ஆறாம் பாகம். ரேடியோப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்து மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார். சாமிக்குப் பூ குறைந்துவிட்டது.

மனைவி வள்ளிக்கண்ணுவுக்கு ஒரு வேலை உண்டு. நாடகப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, நடிகர்கள் வரியை மாற்றினால் பென்சிலால் சுழிக்க வேண்டும். மறுநாள் நிலையத்துக்குக் கண்டனக் கடிதம் போகும். அவள் அலுக்காமல் செய்தாள். கதையில் மாளிகைக்காரரால் ஏமாற்றப்பட்டுச் செத்த பூங்கோதை யார் என்று ஒருமுறை கேட்டபோது, "உன்னை நெனச்சு எழுதினதுதான்" என்று சொல்லியிருந்தார். பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அவளை நினைத்ததற்கு வேறு அத்தாட்சி இல்லை.

நாடகம் தொடங்கியது. கதவு கிறீச்சிட்டது. பூங்கோதையின் ஆவி மரப்படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியது.

"யா அல்லாஹ்! அண்ணே, பேனாவுல மசி ஊத்துறீங்களா, ரத்தம் ஊத்துறீங்களா?" என்றார் அப்துல் சலாம்.

கடைசிப் படியில் ஆவி நின்றது. பிரதிப்படி அது சிரிக்க வேண்டும்.

சிரிக்கவில்லை.

இருமியது.

நெஞ்சின் அடியிலிருந்து வந்த, ஈரமான இருமல். வள்ளிக்கண்ணு சுழித்தாள். மல்லிகை வாசனையை மீறி ஆஸ்பத்திரி லோஷன் நெடி அடித்தது.

"ஸார், என் பேரு எங்க ஸார்?" என்றது குரல்.

பிரதியின் அந்தப் பக்கத்தில் இந்த வரி இல்லை. அடுத்த பக்கத்திலும் இல்லை.

"என்னமா நடிக்குது!" அப்துல் சலாம் கிசுகிசுத்தார்.

நல்லதம்பியின் தோளிலிருந்து ஜரிகைத் துண்டு நழுவியது. அவர் எடுக்கவில்லை.

"டைப்பிஸ்ட் அக்னஸ் ஸார். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தப்ப என் நோட்டை வாங்கிட்டுப் போனீங்களே, என் பேர்லயே பத்திரிகைக்கு அனுப்பறேன்னு."

நல்லதம்பி பாய்ந்துபோய்க் குமிழைத் திருகினார். பெட்டியின் விளக்கு அணைந்தது. விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

"சரியான இடத்துல நிறுத்தினீங்க பாருங்க, அதுதாண்ணே கலை!" என்று சொல்லிவிட்டு அப்துல் சலாம் கிளம்பினார். மற்றவர்களும் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

"ஏங்க, யாரு அக்னஸ்?"

"ஆபீஸ்ல இருந்த பொண்ணு. போன வருஷம் போய்ச்சேந்துருச்சு, பாவம். என் கதையெல்லாம் அதுதான் டைப் அடிச்சுது."

"டைப் அடிக்கல ஸார்," என்றது அணைந்த பெட்டி. "எழுதினேன்."

நல்லதம்பி பிளக்கைப் பிடுங்கினார்.

இருமல் நிற்கவில்லை.

"அக்கா, பூங்கோதை எங்கம்மாக்கா."

வள்ளிக்கண்ணு கணவனைப் பார்த்தாள். "என்னை நெனச்சு எழுதினதுன்னீங்களே?"

"நீ கேட்டே," என்றார், கையில் தொங்கிய வயரைப் பார்த்தபடி. "சந்தோஷப்படட்டுமேன்னு சொன்னேன்."

அவள் அழவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஏழாம் பாகம் எழுதறதுக்குள்ள செத்துட்டேன்க்கா," என்றது குரல். "ஒரு மாசமா வெள்ளைத்தாளை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, அவரால முடியாது. நான் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

வள்ளிக்கண்ணு எழுந்துவந்து அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பிரதியைப் புரட்டி வெற்றுப் பக்கத்தின் உச்சியில் எழுதினாள்: 'ஏழாம் பாகம். எழுதியவர்: அக்னஸ்.'

"கடைசிக் காட்சி." குரல் இப்போது பெட்டியிலிருந்து வரவில்லை, அவள் காதோரம் வந்தது. "மாளிகைக்காரர் தனியா நிக்கிறாரு. அவரு சாகணுமா, வேண்டாமாக்கா? நீங்களே சொல்லுங்க."

"வள்ளி..." என்றார் நல்லதம்பி.

அவள் பேனாவை ஒருமுறை உதறினாள். மசி நன்றாக இறங்கியது.