சுவரோரத்துச் சுரங்கம்

ரயில் மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

தடம் புரளவில்லை. இஞ்சினின் முகப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் மின்சாரம் வருகிறது, சக்கரங்கள்தான் சுழலவில்லை. அவள் கன்ட்ரோலரின் குமிழை முழுதாகத் திருகிப் பார்த்தாள், மேசையைத் தட்டினாள், விரலால் இஞ்சினின் முதுகை மெல்லத் தள்ளினாள். ஒன்றும் நடக்கவில்லை. அலுத்துப்போய்க் கையை எடுத்த பிறகு, ரயில் தானாகவே புறப்பட்டுப் போனது.

"சனியனே" என்றாள்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். அப்படிப்பட்ட கைக்கு இந்தப் பொம்மைத் தண்டவாளம் அடங்க மறுத்தது. முதல் வாரம் துண்டுகளை இணைக்கும் தகட்டு முனை நகக்கண்ணில் ஏறியது. இரண்டாம் வாரம் வளைவில் பெட்டிகள் குப்புறக் கவிழ்ந்தன. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சரிசெய்தாள். இந்த ஒன்றுதான் பிடிபடவில்லை.

எல்லாம் டாக்டரால் வந்தது. "நாப்பத்தாறு வயசுல இவ்வளவு பிரஷர் ஆகாதும்மா. மனசு லேசாகிற மாதிரி ஏதாவது கைவேலை பழகுங்க" என்றார். அன்று மாலையே கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்த ரயிலைப் பார்த்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்கான பெட்டியை வாங்கிவிட்டாள். வட்டத் தண்டவாளம், ஒரு இஞ்சின், மூன்று பெட்டிகள். அட்டையில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. வாங்கியதிலிருந்து அவள்தான் சிரிக்கவில்லை.

"பிரஷரக் குறைக்க வாங்கின ரயிலு பிரஷர ஏத்துது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்" என்றான் தம்பி. அச்சகத்தில் அவனுக்கு இரவு வேலை. பகலெல்லாம் பக்கத்து அறையில், கறுப்புத் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"வாய மூடிட்டுப் போய்ப் படுடா."

இஞ்சினைக் கடைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் தன் மேசையில் ஓட்டிக் காட்டினார். அவர் டீ குடித்து முடிக்கும்வரை அது ஒருமுறைகூட நிற்கவில்லை.

"இஞ்சின்ல ஒண்ணும் இல்ல மேடம். தண்டவாளத்தத் துடைங்க. கைப்பட்ட எண்ணெய் ஒட்டியிருந்தாலே நிக்கும்."

"துடைச்சாச்சு."

"இன்னொரு தடவ துடைங்க" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து, வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, தண்டவாளம் முழுக்கக் கண்ணாடிபோல் துடைத்தாள். நின்றது. அந்தத் துண்டைக் கழற்றி எதிர்ப்பக்கத் துண்டை மாட்டினாள். நின்றது. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் மேசையையே ஒரு சாண் நகர்த்திப் போட்டாள். இப்போது தண்டவாளத்தின் வேறொரு துண்டில் நின்றது. ஆனால் அறையில் அதே இடம். ஜன்னலுக்கு நேராக, அலமாரியின் ஓரத்தில். கோளாறு தண்டவாளத்தில் இல்லை.

அப்போதே அவள் பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்ததோ கோபம்.

அட்டையை வெட்டி, சாம்பல் நிறம் பூசி, அந்த இடத்தில் ஒரு சின்ன நடைமேடையை ஒட்டினாள். "நிக்கணும்னா நின்னு தொலை. ஏறுறவங்க ஏறட்டும், இறங்குறவங்க இறங்கட்டும். என் உயிர எடுக்காம இருந்தா போதும்."

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. ரயில் வேகம் குறைந்து, நடைமேடையில் பதமாக நின்று, பதமாகப் புறப்பட்டது. அவளுக்கு முதன்முறையாகக் கொஞ்சம் உற்சாகம் வந்தது. மாவுக்கட்டுத் துணியை நனைத்துக் கம்பிவலை மேல் போர்த்தி, தம்பியின் அறைச் சுவரை ஒட்டிய வளைவுக்கு ஒரு மலைச் சுரங்கம் செய்தாள். காய்ந்ததும் பழுப்பு வண்ணம் அடித்தாள்.

அடுத்த எரிச்சல் அங்கே தொடங்கியது. நடைமேடையைவிட்டுக் கிளம்பும் ரயில் இழுக்க மாட்டாமல் இழுத்தது. மோட்டார் அடித்தொண்டையில் உறுமியது. சூடேறிய எண்ணெய் நாற்றம் வந்தது. சுரங்கத்துக்குள் ஊர்ந்து நுழைந்து, மறுபக்கம் துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மேசை சரிவாக இருக்கும் என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். அதன் கண்ணாடிக்குள் காற்றுக்குமிழி அசையாமல் நடுவில் நின்றது.

"அக்கா, பகல்ல என் ரூமுக்குள்ள வர்றியா?" என்று தம்பி ஒருநாள் சாயங்காலம் கேட்டான். கண்கள் சிவந்திருந்தன.

"நான் எதுக்குடா வரப்போறேன்?"

"ஒரே புழுக்கமா இருக்கு. ஃபேன் ஓடுது, காத்து வரல. யாரோ மேல மூச்சு விடுற மாதிரி இருக்கு."

"ரயில் சத்தம் பிடிக்கலன்னா நேரா சொல்லு. சுத்தி வளைக்காத."

"சத்தம் இல்லக்கா." அவன் வார்த்தையைத் தேடினான். "கால நீட்ட முடியல. கட்டில்ல இடமே இல்லாத மாதிரி…"

அவள் டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு எழுந்துபோனாள். ஆசைப்பட்டுத் தொட்ட ஒரே காரியம், அதற்கும் வீட்டில் ஒரு குறை.

அடுத்த விடுமுறை நாளில் பிற்பகலிலிருந்தே மழை. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். ஜன்னலில் வழிந்த தண்ணீரின் நிழல் மேசை முழுக்க நெளிந்தது, தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டியது, அந்த இரைச்சலுக்கு நடுவே ரயில் தன் சின்னக் கடகடப்போடு வந்து நடைமேடையில் நின்றது.

கிளம்பவில்லை.

அவள் காத்திருந்தாள். குமிழைத் திருகினாள். பிறகு குனிந்து, கன்னத்தை மேசையில் வைத்து, நடைமேடை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். முதல் பெட்டி லேசாக ஒருபக்கம் தாழ்ந்தது, படிக்கட்டில் ஆள் கால் வைத்ததும் பஸ் தாழ்வதுபோல. நிமிர்ந்தது. மறுபடி தாழ்ந்தது. மறுபடி. இரண்டாவது பெட்டியும். மூன்றாவதும். நனைந்த துணி, பழைய குடை, வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய் என்று எல்லாம் கலந்த ஒரு நெரிசலின் வாடை அவள் முகத்தைத் தொட்டுக் கடந்துபோனது. நிற்காமல் போனது.

அவள் சுவிட்சை அணைத்தாள்.

ரயில் கிளம்பியது.

வயரைப் பிடுங்கினாள். ரயில் போய்க்கொண்டிருந்தது. மெதுவாக. மிக மெதுவாக. தண்டவாளம் முனகியது. இஞ்சினைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளங்கையில் அடங்கும் இஞ்சின், இம்மியும் எழும்பவில்லை. விரல்களை இழுத்துக்கொண்டே சுரங்கத்துக்குள் நுழைந்தது. கையை விட்டாள்.

மழை சட்டென்று ஓய்ந்தது.

சுவருக்குள் காலடிகள். ஒன்றல்ல. பல. அவசரமில்லாமல் இறங்கும் காலடிகள்.

சுரங்கத்தின் மறுபக்கம் ரயில் வெளியே வந்தது. லேசாக. துள்ளலாக.

"அக்கா." சுவருக்கு அப்பாலிருந்து தம்பியின் குரல். தூக்கக் குரல். "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுக்கா."

அவள் ஓடினாள். அவன் அறைக் கதவைத் தள்ளினாள். பூட்டு இல்லை. ஆனாலும் திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவுக்குப் பின்னால் மெத்தென்று ஏதோ இருந்தது. கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. இன்னும் கொஞ்சம்.

நடைவழியின் வெளிச்சம் கீற்றாக உள்ளே விழுந்தது.

முதுகுகள்.

சுவரிலிருந்து சுவர்வரை. நனைந்த முதுகுகள். கட்டிலின் மேலும். அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவிலும். தோளோடு தோள் ஒட்டி, எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி. யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும். ஒரே சீராக.

நடுவில் தம்பி. நின்றுகொண்டிருந்தான். கண் மூடியிருந்தது. தலை யாரோ ஒருவரின் தோளில் சாய்ந்திருந்தது. அவனும் அவர்களோடு சேர்ந்து, அதே சீராக மூச்சு விட்டான்.

"டேய்" என்றாள்.

யாரும் திரும்பவில்லை.

கதவோரம் நின்ற முதுகு மட்டும் சற்று நகர்ந்தது. அதற்கு அடுத்ததும் நகர்ந்தது. அதற்கு அடுத்ததும். ஒருவர் பின் ஒருவராக, முகம் காட்டாமல், நெருக்கி, ஒதுங்கி, தம்பியின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டார்கள்.