மூலைவாட்டில் ஒரு சறுக்கல் தடம்

"முதல் கடைக்குக்கூடப் போய்ச் சேரலைங்க, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு," என்றாள் வந்தவள். தண்ணீர் கேன் வண்டி ஓட்டும் அவள் தம்பி, நாற்சந்தியில் ஒரு காரோடு மோதி, கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தான். கண்மண் தெரியாமல் வந்தது அவன்தான் என்கிறார் கார்க்காரர். அது உறுதியானால் உரிமம் போகும், பிழைப்பும் போகும்.

விபத்து எப்படி நடந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது டேப் அம்மாவின் தொழில். கைப்பையில் எந்நேரமும் அளவு டேப் கிடப்பதால் வந்த பெயர். ஓய்வு பெற்ற கணவர்தான் அவளுக்கு எடுபிடி. ஒரு தடவையாவது அவளுக்கு முன்னால் விடையைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்குள் அடங்கவே இல்லை.

கார் கிழக்கு நோக்கியும் வண்டி வடக்கு நோக்கியும் வந்திருக்கின்றன. மோதியதும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு, சரியாக மூலைவாட்டில் எட்டு மீட்டர் சறுக்கியிருந்தன. தாரில் கறுப்புத் தடம் பளிச்சென்று தெரிந்தது. இன்ஸ்பெக்டர், கார்க்காரர், அக்கா எல்லோரும் கூடியதும் கணவர் முந்திக்கொண்டார்.

"தகரம் கசங்கினதுல சக்தி வீணாப் போயிருக்கும், அதை வச்சுக் கணக்குப் போட முடியாது. ஆனா மொத்த உந்தம் மோதின நேரத்துல மாறாது. கிழக்கே இருந்தது காரோடது, வடக்கே இருந்தது வண்டியோடது. சரியா நடுவுல சறுக்கியிருக்குன்னா ரெண்டும் சமம். கார் ஒரு டன், எடை மேடையில வண்டியும் ஒரு டன். அப்ப வேகமும் சமம்! தடத்தோட நீளத்தைப் பார்த்தா, சேர்ந்து சறுக்க ஆரம்பிச்சப்ப மணிக்கு முப்பத்தெட்டு. ரெண்டு டன்னோட அந்த உந்தத்தை ரெண்டு திசைக்கும் பிரிச்சா ஆளுக்கு அம்பத்தி நாலு."

"இங்க அம்பதுக்கு மேல போகக்கூடாது. ரெண்டு பேருமே தப்பு," என்றார் இன்ஸ்பெக்டர். அக்காவின் முகம் செத்துப்போயிற்று.

"நாலு கிலோமீட்டர்தானே சார், ஒத்துக்கறேன்," என்றார் கார்க்காரர் சட்டென்று.

அந்த அவசரம்தான் டேப் அம்மாவை உறுத்தியது. "எடை போட்டப்ப கேனெல்லாம் எங்க சார்?"

"அம்பது கேனையும் கம்பெனிக்காரங்க இறக்கிட்டாங்க. அப்புறம்தான் எடை போட்டோம்."

"மோதினப்ப ஏதாவது உருண்டு விழுந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல. கயிறு கெட்டியா இருந்துச்சு."

"முதல் கடைக்கே போகலைன்னா வண்டி நிறையத் தண்ணி. இருபது லிட்டர் கேன் அம்பது, இன்னொரு டன்."

கணவருக்குக் காது மடல் சுட்டது. தன் கணக்கில் காலிவண்டியை அல்லவா ஓட்டியிருக்கிறார், இவ்வளவு நேரமும்! ஆனால் வெட்கத்தை முந்திக்கொண்டு வேறொன்று வந்தது. அவள் கணக்கைத் திருத்தவில்லை, ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் யோசிக்கும்போது பக்கத்தில் நிற்பது அவருக்குப் பழகிப்போகவே இல்லை.

"உந்தம் சமம், எடை ரெண்டு மடங்கு. அப்ப வண்டி வேகம் காரோடதுல பாதி," என்றாள். "சறுக்கினதும் ரெண்டு டன் இல்ல, மூணு டன். என்னங்க, மீதியை நீங்க சொல்லுங்க."

"கார் எண்பது," என்றார் அவர். "வண்டி நாப்பது."

கார்க்காரர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "லேட்டாயிடுச்சுன்னு மிதிச்சுட்டேன் சார்…"

அக்கா அதைக் கேட்க நிற்கவில்லை. "மூணு தடவை சொன்னான், மெதுவாத்தான்க்கா வந்தேன்னு. நான்தான் பொய் சொல்லாதடான்னு வாயை அடைச்சேன்," என்றவள், நன்றி சொல்லக்கூட மறந்து, மருத்துவமனைப் பக்கம் போகும் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டபடி ஓடினாள்.