வந்துட்டே இருக்கேன்

அப்பாவின் கணினியில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைக்கத்தான் அவன் வந்திருந்தான். சிஸ்டத்தைப் போட்டுப் பார்த்தால், அது ஏற்கெனவே பின்னுக்குத்தான் இருந்தது.

திரையின் வலது மூலையில் அந்தத் தேதி, அப்பா செத்துப்போன நாள். நேரம் மதியம் தாண்டிக் கொஞ்சம். பழைய கணினிகளுக்குள்ளே காசு மாதிரி ஒரு குட்டி பேட்டரி இருக்கும். அது போய்விட்டால் கடிகாரம் எப்போதோ ஒரு பழைய வருஷத்துக்கு ஓடிவிடுமே தவிர, இப்படி நின்ற இடத்திலேயே நிற்காது. வீடு வீடாகப் போய்க் கணினி பழுது பார்த்தே தலை நரைத்தவனுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும், சரி, ஒரு வேலை மிச்சம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

செய்ய வந்த காரியம் அப்படி. வெளியே தெரிந்தால் மூஞ்சியில் காறித் துப்புவார்கள்.

நாளைக் காலையில் அக்காவும் மாமாவும் அப்பாவின் வீட்டைக் காலி செய்ய வருகிறார்கள். அப்பாவின் கணினி அக்காவுக்கு வேண்டுமாம், ஞாபகத்துக்கு. அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் அவள் வீட்டுக்காரர், மாமாவுக்கு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கிற வேலை, கையில் எதைக் கொடுத்தாலும் கவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டார். அவர் இதைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், வயர்லெஸ் அடாப்டருக்கு இதில் டிரைவரே ஏற்றவில்லை என்று. அடாப்டர் என்பது கணினிக்கு இணையத்தைப் பிடித்துத் தருகிற, விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது இன்னதென்று கணினிக்கு அறிமுகம் செய்து வைக்கிற நிரல்தான் டிரைவர். அந்த அறிமுகம் இல்லாவிட்டால் எத்தனை தடவை செருகினாலும் கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அவன் அக்காவிடம் சொல்லியிருந்ததோ வேறு. அன்று மதியம் வந்தேன், டிரைவர் போட்டேன், எல்லாம் சரி பண்ணிக் கொடுத்தேன், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினேன், அதுவரைக்கும் அப்பா நன்றாகத்தான் இருந்தார். இப்படி.

அவன் வரவே இல்லை.

ஆகவே இன்றைக்கு டிரைவரை ஏற்ற வேண்டும். கணினியின் கடிகாரம் அந்த நாளைக் காட்டும்போது ஏற்றினால், ஏற்றிய தேதியும் அந்த நாளாகவே பதிந்துவிடும். அப்புறம் மாமா தலைகீழாக நின்று பார்த்தாலும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அந்த யோசனை தோன்றிய இரவு அவனுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அதை நினைத்தால் இப்போது காது மடல் சுட்டது.

வெளியே தூறல். சன்னல்களைச் சாத்தியே வைத்திருந்ததால் அறைக்குள் பழைய துணி வாசனையும், சுவரில் ஊறிய ஈரத்தின் வாசனையும், அதற்கெல்லாம் அடியில், அப்பா முழங்காலில் தேய்த்துக்கொள்கிற தைலத்தின் காரமும் லேசாகக் கலந்து கிடந்தன. இத்தனை மாதத்துக்கு அப்புறமும் தைலம் மணக்குமா என்று ஒரு கேள்வி எழுந்து, பாட்டில் எங்காவது திறந்து கிடக்கும் என்று தானாகவே அடங்கியது.

டிரைவர் இருந்த குறுந்தகட்டைப் போட்டான். அது உள்ளே கரகரவென்று சுற்றத் தொடங்கியது. அடாப்டரை சிபியுவின் முன்பக்கத் துளையில் செருகினான். விளக்கு எரியவில்லை. எரியாது என்று அவனுக்கே தெரியும். அன்று அப்பாவிடம் போனில் எரிந்து விழுந்ததும் இதற்காகத்தான்.

அவனுடைய தெருவில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும், கடையில் ஸ்டூல் மேல் காலை நீட்டிப் போட்டபடியே, "வந்துட்டே இருக்கேன் சார், வழியிலதான் இருக்கேன்" என்பான். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் சொல்வதுதான். ஆனாலும் அவன் சொல்கிற அழகைப் பார்த்து டீக்கடைக்காரர் 'வந்துட்டேன்' என்றே பெயர் வைத்துவிட்டார். 'வந்துட்டேன் வந்துட்டானா?' என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வாடிக்கையாளர்கள் திட்டிவிட்டுக் காத்திருப்பார்கள், சாயங்காலமோ மறுநாளோ போய் நிற்பான், யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

அன்றும் ஸ்டூல் மேல்தான் கால். செல்போனில் படம் ஓடிக்கொண்டிருந்தது, நல்ல சிரிப்புக் கட்டம். நடுவில் அப்பா. அடாப்டர்ல பச்சை விளக்கு எரியலைப்பா என்றார். முன்னாடி போட்டா பவர் பத்தாது, பின்னாடி போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது என்றான். பின்னாடி இருட்டா இருக்கே, துளை தெரியலையே என்றார். அப்போதுதான் அது வாயில் வந்தது. சரி விடுங்க, வழியிலதான் இருக்கேன், வந்துட்டே இருக்கேன்.

அப்பாவின் குரல் உடனே மலர்ந்துவிட்டது. "அப்படியா? அப்ப நான் டார்ச்ச எடுத்துட்டுக் கீழ உக்காந்துக்கறேன். நீ வந்ததும் சட்டுன்னு பாத்துடலாம்."

அது அவர்கள் இருவருக்குமான பழைய வழக்கம். அவன் பள்ளிக்கூடம் படிக்கையில் ரேடியோவைப் பிரித்துப் போட்ட காலத்திலிருந்தே டார்ச் பிடிப்பது அப்பாதான். கணினி வந்த பிறகு மேசைக்கு அடியில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்து, பின்பக்கத்து ஒயர்கள் மேல் வெளிச்சம் அடித்துக்கொண்டிருப்பார். மகன் வேலையாக இருக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு மரியாதை. அதனால் வாயால் கேட்காமல் அவன் கணுக்காலில் விரலால் லேசாகத் தட்டுவார். தெரியுதா என்று அர்த்தம்.

மறுநாளும் கழிந்து பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தபோது அப்பா மேசைக்கு அடியில்தான் இருந்தார். உட்கார்ந்த வாக்கில் சுவரில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர், உடனே யாராவது பார்த்திருந்தால் என்று ஆரம்பித்து, இவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கையில் டார்ச். சுவிட்ச் போட்டபடியே இருந்தது, பேட்டரிதான் தீர்ந்திருந்தது.

அக்கா வந்து அழுதபோது பொய் சொன்னான். சொன்ன பிறகு அது நின்ற பாடில்லை. நீயாவது கடைசியா பாத்தியேடா என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா என்ன பேசினார், என்ன சட்டை போட்டிருந்தார், சாப்பிட்டாரா, தன்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று மாதாமாதம் போன் பண்ணிக் கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் செய்து கொடுத்தான். உன்னைப் பத்தித்தான்க்கா பேசிட்டு இருந்தார் என்றான். அவள் அழுதாள். இப்படி ஒரு பிழைப்பா என்று அன்று கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமலே சவரம் செய்தான், வெட்டிக்கொண்டான்.

அடாப்டரைப் பின்னால்தான் போட்டாக வேண்டும். மேசைக்கு அடியில் குனிய அவனால் முடியாது. இந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அந்தப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வலது கையை மட்டும் கீழே விட்டு, சிபியுவின் பின்புறத்தைத் தடவினான். தூசி. ஒயர். சிலந்திக் கூடு. துளை விரலில் அகப்படுகிற மாதிரி இருந்து நழுவியது. அடாப்டரை இப்படியும் அப்படியும் முட்டிப் பார்த்தான். மழைச் சத்தம் கொஞ்சம் கூடியது. இன்னும் ஒரு தடவை முட்டினான்.

உள்ளே போய்விட்டது.

அவன் அழுத்தவில்லை. கதவைத் தள்ளுமுன் உள்ளேயிருந்து யாரோ திறந்தால் கை தடுமாறுமே, அப்படித் தடுமாறியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். பெட்டி கொஞ்சம் நகர்ந்திருக்கும். பழைய பெட்டி. அடியில் ரப்பர் இல்லை. நகரும்.

திரையில் பச்சைக் கோடு வளரத் தொடங்கியது. டிரைவர் ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. தைல வாசனை இப்போது நன்றாகவே அடித்தது. தேய்த்த சூட்டோடு வருகிற வாசனை. கோடு முழுதாயிற்று. அவனுடைய செல்போனிலிருந்து இணையத்தைத் திறந்துவிட்டான், கணினி பிடித்துக்கொண்டது. தேதி அந்த நாளாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்தான். பதிந்திருந்தது. வேலை முடிந்தது, அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று மவுஸைப் பிடித்தபோது, வீடியோ காலுக்கென்று அவன் எப்போதோ போட்டுக் கொடுத்திருந்த நிரல் தானாகத் திறந்து, அக்காவைக் கூப்பிட ஆரம்பித்தது.

கடிகாரம் தப்பாக இருந்தால் அந்த நிரல் உள்ளேயே விடாது. அது அவனுக்குத் தெரியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்துகிற பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை.

அக்காவின் முகம் திரையில் வந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள் போலிருக்கிறது, தலையில் துண்டு. "என்னடா இது, அப்பா பேருல கால் வருது. ஒரு நிமிஷம் எனக்கு உயிரே போயிடுச்சு."

நான்தான்க்கா, ஓடுதான்னு சும்மா பார்த்தேன் என்று சமாளித்தான். அன்னைக்கு நீ சரி பண்ணிக் குடுத்ததுதானே, ஓடாம என்ன என்றாள். அவள் அதை நம்பிச் சொன்ன விதத்தில் அவன் தலை தானாகக் குனிந்தது. நல்லவேளை, அவள் அதைப் பார்க்கவில்லை. உன் மூஞ்சியே தெரியலையே, கேமரா கீழ விழுந்து கிடக்குதா, கால்தான் தெரியுது என்றாள்.

மானிட்டர் மேல் கேமரா இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஒயர் மட்டும் மேசைக்குப் பின்னால் இறங்கிப் போனது.

"கூட யாருடா?" என்றாள் அக்கா.

"யாரும் இல்லக்கா."

"கீழ யாரோ உக்காந்திருக்காங்களே. டார்ச் பிடிச்சுக்கிட்டு."

திரையின் ஓரத்துச் சின்னக் கட்டத்தை அவன் பார்த்தான். அவனுடைய கால்கள். அவனுடைய செருப்பு. பக்கத்தில், வெளிச்சத்துக்குப் பின்னால், மடித்து வைத்த இரண்டு முழங்கால்கள்.

அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "அப்பா?" என்றாள். பிறகு காதைத் திரைப் பக்கம் சாய்த்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள். போனில் அப்பா பேசும்போது எப்படித் தலையாட்டுவாளோ அப்படித் தலையாட்டினாள். ம். ம். சரிப்பா. கண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை. இங்கே அறையில் மழையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

"என்னக்கா? என்ன சொல்றாரு?"



"அவனத் திட்டாதம்மா, வழியிலதான் இருக்கான், வந்துடுவான்னு சொல்றாரு."



"டேய்," என்றாள் அக்கா, மிக மெதுவாக. "நீ அன்னைக்கு வந்தேன்னு சொன்னியே."

அதோடு படம் நின்றுவிட்டது. அவள் முகம் மட்டும் திரையில் உறைந்து நின்றது, வாய் கொஞ்சம் திறந்து, கண் அவனுடைய கால்களைப் பார்த்தபடி. கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் தேவலை.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். திரை அணையவில்லை. மூலையில் கடிகாரம். அதே மதியம். அதே நிமிஷம். சன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

அவன் முழங்காலில் வெளிச்சம் பட்டது.

மஞ்சள் வட்டம். லேசாக நடுங்கியது, அப்பாவின் கை நடுங்குகிற அதே நடுக்கம். முழங்காலிலிருந்து இறங்கியது. சிபியுவின் ஓரமாகப் போனது. பின்பக்கத்துத் துளையில் நின்றது. நின்று, அவன் குனிவதற்காகக் காத்திருந்தது.

குனிய முடியவில்லை.

கணுக்காலில் ஒரு விரல். சில்லென்று. தட்டியது.

மறுபடி தட்டியது.

அவன் வாயைத் திறந்தான். மன்னிச்சுடுங்கப்பா என்று சொல்லத்தான் திறந்தான். இத்தனை வருஷம் பழகிய வாய் வேறு எதையோ சொன்னது.

"வந்துட்டே இருக்கேன்ப்பா."

கீழே வெளிச்சம் அசையவில்லை. நம்பிக்கொண்டு அப்படியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெளிறியது. பேட்டரி தீர்கிற டார்ச். சிவந்தது. சுருங்கியது. ஒரு புள்ளியானது. அதுவும் போயிற்று.

இருட்டில், அவன் கணுக்காலைச் சுற்றி, ஐந்து விரல்களும் மெதுவாக மூடிக்கொண்டன.