ரேடியோவுக்கு அடியில் ஒரு குரல்

மருத்துவமனையிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, மூன்று அறையிலும் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடத்தில் யாரும் கேட்காத பாட்டு. சமையலறையில் யாரும் கேட்காத செய்தி. பின்னறையில் வெறும் கொரகொரப்பு. வாழ வந்து ஏழு வருஷம் ஆகிறது. இத்தனை இரைச்சலுக்கு நடுவிலா குடும்பம் நடத்திக்கொண்டிருந்தோம் என்று திகைத்தாள்.

அவள் தையல்காரி. சின்ன வயதிலிருந்தே இரண்டு காதிலும் சீழ் வடிந்து, கேட்காமல் போயிருந்தது. காதுக்குள் செருகும் கருவியை மாட்டினால் காது புண்ணாகிவிடும். அதனால் மருத்துவர் வலது காதை மட்டும் திறந்து, நடுக்காது எலும்பில் அரிசிமணி அளவுக் கருவி ஒன்றைப் பொருத்தினார். புண் ஆறியபின், இன்றைக்குத்தான், காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டும் ஒரு பொத்தானை வைத்து அதை இயக்கினார்கள். யாரோ நாற்காலியை இழுத்த சத்தம்தான் முதலில் கேட்டது. அதற்கே அழுதுவிட்டாள்.

கூட வருகிறேன் என்று கணவன் சொல்லவில்லை. அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். நல்லவன், அதட்டிப் பேசாதவன். ஆனால் இந்த ஆபரேஷன் என்றாலே முகம் சுண்டிவிடும்.

"நீதான் உதட்டைப் பாத்தே எல்லாம் புரிஞ்சுக்கிறியே. அப்புறம் எதுக்கு இது?"

அங்கேதான் அவளுக்கு இடித்தது. அவனும் கூடவே இருக்கும் அவன் அக்காவும் சில நேரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசுவார்கள். உதடு தெரியாதபடி. மடியில் கனமில்லாதவர்கள் எதற்கு முகத்தைத் திருப்ப வேண்டும்?

ஆகவே, சாயங்காலம் அவன் கேட்டபோது பொய் சொன்னாள்.

"இன்னும் ஒண்ணும் கேக்கலைங்க. பழக நாளாகுமாம்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு முகத்திலும் நிம்மதி. அது அவளைச் சுருக்கென்று குத்தியது.

மறுநாள் மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கரண்ட் போனது. மூன்று ரேடியோவும் ஒரே நொடியில் வாயை மூடின.

வெளியே நல்ல வெயில். உள்ளே ஈரத் துணியை மூடிவைத்த மாதிரி ஒரு புழுங்கல் நாற்றம்.

"எனக்கு?"

பின்னறையிலிருந்து வந்தது. வறண்ட குரல். ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியவில்லை.

கணவனின் கை தட்டிலேயே நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டான்.

"எனக்கு?"

நாத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "கரண்ட் எப்போடா வரும்?"

"வந்துடும். பேசாம சாப்பிடுக்கா."

"இவளுக்குக் காது தொறந்துட்டா என்ன பண்ணுவே? முன்னாடி வந்தவ ஒரு வாரம்கூடத் தாங்கலை."

"மெதுவாப் பேசு."

"எதுக்கு? கேக்காதவளாப் பாத்துத்தானே கட்டி வெச்சோம்."

வேறொரு பெண் இருக்கிறாள் என்று சந்தேகப்பட்டிருந்தாள். தன்னைக் கேலி பேசுகிறார்கள் என்றும் நினைத்ததுண்டு. இப்படி ஒன்று இருக்குமென்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. தட்டைத் தள்ளிவைத்தாள்.

"யாருங்க அது?" என்றாள்.

கணவனின் முகத்தில் ரத்தமே இல்லை. "பேசாதே!" என்று கிசுகிசுத்தான். "ஒரு வார்த்தைகூடப் பேசாதே. யாருன்னு எங்களுக்கே தெரியாது. வீடு மாத்திப் பாத்தோம், கூடவே வந்துச்சு. இத்தனை வருஷத்துல நாங்க ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை."

"நான் உங்களைத்தானே கேட்டேன்?"

"அது அதுக்குத் தெரியுமா?"

பின்னறைக் கதவு அசையவில்லை.

"எனக்கு?"

கூடத்தில்.

"எனக்கு?"

அவள் தோளுக்குப் பக்கத்தில். நாற்றம் மூக்கில் ஏறியது. பதறிப்போய்ப் பொத்தானைப் பிய்த்து எறிந்தாள்.

அமைதி. சின்ன வயதிலிருந்து அவளை மூடிக் காத்த அதே கெட்டியான அமைதி. தரையில் அப்படியே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

நாத்தனார் தலையைச் சாய்த்துக் கூர்ந்து கேட்பது தெரிந்தது. தம்பியும் கேட்டான். நெடுநேரம் கேட்டார்கள். பிறகு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் ஓடிவந்து மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் உதடுகளைப் படித்தாள்.

*நின்னுடுச்சு. போயிடுச்சும்மா. வீடே அமைதியா இருக்கு!*

அவன் சிரித்துக்கொண்டே அழுதான். கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு சிரிப்பை அவனிடம் அவள் பார்த்ததில்லை. அவளும் சிரிக்க முயன்றாள்.

அப்போது, மருத்துவர் தொடவே தொடாத இடது காதுக்குள், யாரோ மெல்ல மூச்சுவிட்டார்கள்.

"அவங்க பேசவே மாட்டாங்க," என்றது குரல். "நீ பேசு."