ஒரே ஃபைல்

மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் கடகடச் சத்தத்தை மட்டும் காணோம்.

கம்ப்யூட்டர் வேலைக்கென்று வந்திருந்த மணிகண்டராஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் எதுதான் உருப்படியாக இருந்தது, மின்விசிறி இருக்க? கிழட்டு யூனிக்ஸ் சர்வர். புரோகிராம்கள் நம்பியிருக்கும் ஒரு லைப்ரரியை மாற்றினால் இன்னொன்று படுத்துக்கொள்ளும். இந்த இழவெல்லாம் வேண்டாமென்றுதான் டேட்டாபேஸை அதன் சோர்ஸ் நிரலிலிருந்தே ஸ்டாட்டிக்காகக் கட்டிக்கொண்டிருந்தான். வெளியே யாரையும் நம்பாமல், வேண்டியதையெல்லாம் தன் வயிற்றுக்குள்ளேயே போட்டுக்கொள்ளும் ஒரே ஃபைல்.

பக்கத்து அறையில் ஆர்டர் ஏற்றும் தேவமணி அக்கா காலையிலேயே எட்டிப் பார்த்துக் கேட்டிருந்தாள்.

“எல்லாத்தையும் ஒண்ணுக்குள்ளயா அடைக்கீக, தம்பி? எங்க கம்பெனில மருந்து ரூமையும் திரி ரூமையும் ஒட்டிக் கட்ட மாட்டாக. ஒண்ணு போனாலும் மத்தது நிக்கணும்லா.”

“இது வெங்காய வெடி இல்லக்கா. போய் வேலையப் பாருங்க.”

பட்டாசுக்காரிக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க அவனுக்கென்ன தலையெழுத்தா! அப்படியொரு மண்டைக்கனம் அவனுக்கு.

வெளியே மேகம் கறுத்து, பகலிலேயே அறை இருண்டது. எதிரேயிருந்த அச்சு பிரஸ்ஸில் விடாமல் அடித்துக்கொண்டிருந்த மெஷினின் தட்தட்டும், வளைவில் திரும்பும் மினி பஸ்ஸின் ஹாரனும், சட்டைத் துணிவரை ஊறிப்போயிருந்த கந்தக வாடையும் ஒவ்வொன்றாக அடங்கின. காது அடைத்தது போலிருந்தது. திரையில் மட்டும் வரிகள் ஓடின, அந்த ஃபைலுக்குள் போகிற ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொண்டு.

ஃபேன். பிரஸ். பஸ். கந்தகம்.

“எந்த மடப்பய எழுதுன சோர்ஸ் இது?” என்று சிரித்தான்.

அடுத்த வரி: தேவமணி.

ஓட்டத்தை நிறுத்தக் கன்ட்ரோல்-சி அடித்தான். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். வரிகள் ஓடின.

“அக்கா! வெளிய ஓடுங்க!”

“தம்பி... இங்கன வாசலக் காணோமே...”

குரல் அருகிலேயே கேட்டது. பாய்ந்து போனான். அந்த அறைக்குப் போகும் கதவு இல்லை. வெறும் சுவர். தொட்டால் வெதுவெதுப்பு.

சுவருக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டு வரை. கண்ணாடி வளையல். விரல்கள் துழாவின. எதையாவது பிடிக்க.

பற்றிக்கொண்டான். இழுத்தான். அசையவில்லை.

முதுகில் எதிர்ச்சுவர் வந்து ஒட்டியது.