மிச்சமான களிம்பு

டமால்!

தோல் டாக்டர் அறையின் இருபக்கமும் ஆடும் கதவை அவள் உள்ளிருந்து தோளால் இடிக்க, வெளியிலிருந்து அவனும் தோளால் தள்ள... அவன் நெற்றி புடைத்துவிட்டது.

"கை இல்லையா உங்களுக்கு?" வெடித்தாள் அவள்.

"இருக்குங்க... உங்களுக்கும் இருக்கு போல. கையுறை போட்டுப் பூட்டில்ல வெச்சிருக்கீங்க!"

கண்ணில் குறும்பு. அவளுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

அவளுக்கு நர்ஸ் வேலை. ஒவ்வொரு நோயாளிக்கும் கை கழுவிக் கழுவி, உறை மாட்டி மாட்டி, விரலிடுக்கெல்லாம் சிவந்து வெடித்துவிட்டது. கல்யாணம் பேசியிருந்தவன் அந்தக் கையைப் பார்த்து, "ஒட்டிக்குமா?" என்று கேட்டான். போனவன் போனவன்தான். அன்றிலிருந்து டீ குடிக்கக்கூட உறைதான். தனியாகத்தான்.

இப்போது டாக்டர் அதற்கும் உலை வைத்துவிட்டார். "வேலை இல்லாதப்போ உறையைக் கழட்டிடும்மா. உள்ளே வியர்த்துத்தான் இன்னும் மோசமாகுது. கழுவின உடனே களிம்பு போடு."

கழற்றுவதா? இந்தக் கையை ஊரே பார்க்கவா?

அக்கம்பக்கம் பார்த்தாள். யாருமில்லை. உறைகளை உருவி, புது டியூபைப் பிதுக்கினாள். பொதக்கென்று ஒரு குவியல்...

"அம்மாடி, அவ்வளவா?"

அவனேதான்! கால்சட்டைப் பைக்குள் கைகள். அவளுக்கு அழுகை முட்டியது.

"யாரும் பரிதாபப்பட வேண்டாம். கிளம்புங்க."

"நானா பரிதாபப்படுறேன்? எனக்கே ஆளில்லீங்க..."

மெல்லக் கைகளை வெளியே எடுத்தான். அதே சிவப்பு... அதே வெடிப்பு.

"முடி வெட்டுற கடை. ஷாம்பூ, சாயம்... இந்தக் கையைப் பார்த்தா யாரும் தலையைக் குடுக்க மாட்டேங்கறாங்க. கதவைத் தொடவும் கூச்சம். அதான் தோளால தள்ளினேன்."

கோபம் எங்கே போனதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

"டியூபுக்குள்ள திரும்பப் போகாது," என்றாள் தரையைப் பார்த்தபடி. "மிச்சத்தை... வாங்கிக்கிறீங்களா?"

நீட்டினான். தடவினாள். எத்தனையோ பேரின் கையைத் தினமும் பிடிப்பவள்தான். இன்றுதான் நடுவில் உறை இல்லை.

"மழை விட்டுருச்சு... கிளம்பலையா?" என்றான். கையை மட்டும் விடவில்லை.

"கிளம்பணும்..." அவள் கண் நிறைந்தது. "என் கையை யாரும் பிடிச்சு ரொம்ப நாளாச்சுங்க. இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கீங்களா?"

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாளைக்கும் கொஞ்சம் அதிகமாவே பிதுக்குங்க... நான் வந்துடுறேன்."